மணக்குடியில் ஒன்று, பூதப்பாண்டியில் ஒன்று

2018 பிப்ரவரியில் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 3 2200ஜி வெளிவந்தபோது அதன் விலை 99 டாலர். நான்கு கோர், அதே சில்லுக்குள்ளேயே வேகா 8 கிராஃபிக்ஸ். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு அதைப்போல் கைகொடுத்த ப்ராசஸர் அதற்கு முன்னால் வந்ததில்லை என்றே சொல்வேன். அந்த ஆண்டு இரண்டு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ஒன்று பூதப்பாண்டியில் எனக்கு. இன்னொன்று மணக்குடியில் அக்கா வீட்டுக்கு, அவள் மகனுக்கு. ப்ராசஸர், பி350 மதர்போர்டு, ராம், கேபினெட் எல்லாம் ஒரே மாதிரி. பில் கூட ஒரே பில்தான்.

இரண்டு மாதம் கழித்து மருமகன் போன் செய்தான். “மாமா, 3.9 வச்சிட்டேன். நல்லா ஓடுது.” அவன் ப்ராசஸரின் வேகத்தை ஏற்றி வைத்திருந்தான், அதாவது ஓவர்கிளாக் செய்திருந்தான். அதே வாரம் நான் என் மெஷினில் வேகத்தைத் தொடாமல் வோல்ட்டேஜை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தேன். அதுதான் அண்டர்வோல்ட். ஒரே சில்லு எதிரெதிர்த் திசையில் போன அந்தக் கதையை, கணக்கோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று அன்றிலிருந்தே எனக்கு ஆசை.

முதலில் ஒரு கேள்வி. கம்பெனி ஒரு அளவு வைத்துத்தான் விற்கிறது. அதைக் கூட்டவோ குறைக்கவோ இடம் எங்கிருந்து வந்தது?

நாஞ்சில் நாட்டில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பேச்சிப்பாறை அணை 1906-இல் வந்தது. கன்னிப்பூவுக்குத் தண்ணீர் விடும்போது யாரை நினைத்து விடவேண்டும்? அணைக்குப் பக்கத்து வயல்காரனை அல்ல. கால்வாய் முடிகிற இடத்தில் இருக்கிற கடைமடைக்காரனை. அவன் வயலில் ஏறுகிற அளவுக்கு விட்டால், தலைமடை வயலுக்குத் தேவைக்கு மேலேயே கிடைக்கும். ப்ராசஸர் கம்பெனியும் அப்படித்தான் வோல்ட்டேஜ் வைக்கிறது. ஒரே அச்சில் வார்த்த லட்சக்கணக்கான சில்லுகளில் ஒன்று கெட்டி, ஒன்று சுமார். எல்லாவற்றிலும் மோசமான சில்லு, மோசமான போர்டில், நல்ல சூட்டில், நாலைந்து வருடம் தேய்ந்த பிறகும் தப்புக் கணக்குப் போடக்கூடாது. அந்தக் கடைமடைச் சில்லுக்காக வைத்த வோல்ட்டேஜ்தான் எல்லாச் சில்லுக்கும் வருகிறது. உங்கள் கையில் இருப்பது தலைமடைச் சில்லாக இருந்தால், அதற்குள் மிச்சம் கிடக்கிறது.

அந்த மிச்சத்தை ஓவர்கிளாக் செய்கிறவன் வேகமாக எடுக்கிறான். அண்டர்வோல்ட் செய்கிறவன் குளிர்ச்சியாக எடுக்கிறான். இருவரும் கை வைப்பது ஒரே பானையில். மிச்சம் போதாமல் போகும்போது ஓவர்கிளாக்காரனுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: வோல்ட்டேஜை மேலே ஏற்றலாம். இருவரும் பிரிகிற இடம் அதுதான்.

கணக்கு இப்படி. ஓடும்போது ப்ராசஸர் தின்னும் கரண்ட் இரண்டைப் பொறுத்தது. கிளாக் வேகம் எத்தனை மடங்கு ஏறுகிறதோ கரண்டும் அத்தனை மடங்கு. வோல்ட்டேஜோ இருமடி. பத்து சதவீதம் வோல்ட்டேஜ் கூடினால் கரண்ட் இருபத்தொன்று சதவீதம் கூடும். மருமகன் மெஷினுக்கு வருவோம். பெட்டியில் 3.5 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும், நான்கு கோரும் வேலை செய்யும்போது அது தானாகவே 3.6-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. வோல்ட்டேஜ் 1.25 என்று வைத்துக்கொள்வோம். அவன் மல்டிப்ளையரை 39 ஆக்கி, 1.375 வோல்ட் கொடுத்தான். வேகம் கூடியது எட்டு சதவீதம். கரண்ட் கூடியது முப்பத்தொன்று சதவீதம். 60 வாட் தின்ற இடத்தில் 79 வாட்.

என் மெஷினில் அதே 1.25-இலிருந்து 0.075 கழித்தேன். வேகம் குறையவே இல்லை. கரண்ட் பன்னிரண்டு சதவீதம் குறைந்தது. 60 இருந்த இடத்தில் 53.

வேகம் ஏற ஏற வோல்ட்டேஜும் ஏறவேண்டியிருப்பதால், மேல் முனையில் கரண்ட் கிட்டத்தட்ட வேகத்தின் மும்மடியாகப் போகும். ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தல் காற்றாலைகளையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மும்மடி புதிதல்ல. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. ஆனி ஆடியில் காற்று அளவு மீறும்போது இறக்கையைத் திருப்பி வைத்துச் சக்தியை வழியவிடுவது அதனால்தான். இன்டெல்லுக்கே இந்த மும்மடி வழியை அடைத்தது. 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுவந்த பென்டியம் 4-ஐ நாலுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை 2004 அக்டோபரில் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு வேகத்தைத் துரத்துவதை விட்டுவிட்டுக் கோர்களைக் கூட்ட ஆரம்பித்தார்கள்.

ஓவர்கிளாக்குக்கு ஒரு பொற்காலம் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். 1998 ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவுச் சில்லை விற்றது. அதன் மல்டிப்ளையர் 4.5-இல் பூட்டியிருந்தது, பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். போர்டில் அந்தப் பஸ்ஸை 100-க்கு மாற்றினால் சில்லு 450-இல் ஓடியது. பலருக்கு வோல்ட்டேஜைத் தொடாமலே ஓடியது. அன்றைக்கு இன்டெல்லின் உச்சிச் சில்லான பென்டியம் II-வின் வேகமும் 450-தான். பாதி கூடுதல் வேகம், சும்மா. அன்றைக்குப் பானையில் அவ்வளவு மிச்சம் இருந்தது. 2014-இல் வந்த பென்டியம் ஜி3258-இலும் கொஞ்சம் இருந்தது: 3.2-க்கு வாங்கி, பலர் நாலுக்கு மேல் ஓட்டினார்கள். ஆனால் அதற்கு இரண்டே கோர். நான்கு த்ரெட் கேட்கிற விளையாட்டுகள் வந்தபோது, எத்தனை ஏற்றியும் அந்தக் குறையை நிரப்ப முடியவில்லை. 2018-க்குள் கம்பெனிகளே பூஸ்ட் என்ற பெயரில் மிச்சத்தின் பெரும்பகுதியை எடுத்து நமக்கு விற்க ஆரம்பித்துவிட்டன. மருமகனுக்கு எட்டு சதவீதம் மட்டுமே கிடைத்ததற்குக் காரணம் அது. அவன் திறமையில் குறை ஒன்றும் இல்லை.

எட்டு சதவீதம் என்றால் கையில் எவ்வளவு? அவன் கல்யாண வீடு, கோயில் கொடை, திருவிழா என்று வீடியோ எடிட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் எடுக்கும் ரெண்டர் ஐம்பத்தைந்து நிமிடத்தில் முடியும். ஐந்து நிமிடம் லாபம். தினமும் இரண்டு மூன்று வேலை பார்க்கிறவனுக்கு அது உண்மையான லாபம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஐம்பதாவது நிமிடத்தில் நீலத்திரை வந்தால், நாலைந்து நாள் சேர்த்த லாபம் ஒரே இரவில் போய்விடும். அவனுக்கு அது இரண்டு முறை வந்தது. காலையில் பெண் வீட்டார் பென்டிரைவோடு வாசலில் நின்றார்கள்.

மூன்றாம் முறை என்னைக் கூப்பிட்டான்.

மணக்குடி பழையாறு கடலில் சேரும் இடம். அக்கா வீட்டு ஜன்னலிலிருந்து காயல் தெரியும். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஸ்குரூ நாலும் துருப்பிடித்து இறுகியிருந்தன. ஒன்றைப் பிளையர் வைத்துத்தான் திருப்ப முடிந்தது. உள்ளே தூசி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது வெறும் தூசி இல்லை. பூதப்பாண்டியில் என் மெஷினில் படிவது பிரஷ்ஷால் தட்டினால் பறக்கும். இங்கே அது ஈரமாக, பிசுபிசுப்பாக, ஹீட்சிங்க் இதழ்களின் நடுவில் கம்பளி மாதிரி திரண்டிருந்தது. உப்புக் காற்று அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் காற்று இதழுக்குள் போகவில்லை. இந்தச் சில்லின் எல்லை 95 டிகிரி. ரெண்டர் ஓடவிட்ட ஆறாவது நிமிடத்தில் திரையில் 91 காட்டியது.

அந்த ஈரக் கம்பளியைப் பிய்த்தெடுக்கும்போது எனக்கு ஒன்று விளங்கியது. ஓவர்கிளாக் பற்றிப் படிக்கிறவை எல்லாம் புது ஹீட்சிங்க், புது பேஸ்ட், ஏசி அறை என்று வைத்துக்கொண்டு சொல்பவை. கூலர் என்னதான் நல்லதாக இருந்தாலும் சில்லை அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. அறையே முப்பத்திரண்டு டிகிரி, காற்றில் உப்பு, பெட்டியோடு வந்த சின்னக் கூலர், சில்லுக்கும் அதன் மூடிக்கும் நடுவில் ஈயப்பற்றுக்குப் பதில் வெறும் பேஸ்ட்: இத்தனையும் சேர்ந்த இடத்தில் முதல் நாள் 75 டிகிரி காட்டிய ஓவர்கிளாக், பதினெட்டாவது மாதம் அதே 75-இல் நிற்காது. கடலோர வீட்டில் ஹீட்சிங்க் தினமும் கொஞ்சம் கெட்டுக்கொண்டே வரும். வோல்ட்டேஜைக் குறைத்து வைத்தவனுக்கு அந்தக் கெடுதலைத் தாங்க இடம் இருக்கிறது. ஏற்றி வைத்தவனுக்கு இல்லை. ப்ராசஸரைச் சுற்றியிருக்கும் வோல்ட்டேஜ் சர்க்யூட்டும் அப்படியே. மலிவு போர்டுகளில் அதன்மேல் ஹீட்சிங்க் இருப்பதே அபூர்வம். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கை நான் ஒருபோதும் நம்புவதில்லை.

சூடு மட்டுமே பிரச்சினை என்றால் சுத்தம் செய்து சரிக்கட்டலாம். வோல்ட்டேஜ் தானே சில்லைத் தின்னும். அதற்கு அண்மைச் சாட்சி இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள். விலை கூடியவை, யாரும் கை வைக்காதவை, அப்படியே ஓடியவை. ஆனாலும் விளையாட்டின் நடுவே விழ ஆரம்பித்தன. தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் போனதுதான் காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல்லே சொன்னது. ஆகஸ்டில் திருத்திய மைக்ரோகோடு வந்தது, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். திருத்தம் புதிய சேதத்தைத் தடுத்ததே தவிர, ஏற்கெனவே தேய்ந்த சில்லை மீட்கவில்லை. கம்பெனி தவறிக் கூட்டியதற்கே இப்படியென்றால், நாம் வேண்டுமென்று கூட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று மருமகனிடம் பிற்பாடு கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, ஆனால் யோசித்தான்.

இவ்வளவு சொன்னபின் என் மெஷினின் கதையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அண்டர்வோல்ட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு; ஓவர்கிளாக்கிடம்கூட அது அவ்வளவாக இல்லை.

முதலில் நான் வைத்தது 0.075 அல்ல, 0.1. ரைசனில் ஒரு படி 0.00625 வோல்ட். பதினாறு படி இறங்கினேன். பிரைம்95 சோதனை இரவு முழுக்க ஓடியது, ஒரு பிழை இல்லை. சினிபெஞ்ச் இருபது சுற்று. வெற்றி என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அரசு வேலைத் தேர்வு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பாதியில் அவள் சான்றிதழ் எடுக்க வீட்டுக்குப் போனாள், நான் சாயா போட எழுந்தேன். திரும்பி வந்தால் திரை உறைந்து கிடக்கிறது. மவுஸ் அசையவில்லை. கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் எதுவுமே செய்யவில்லை. சும்மா இருந்தபோது விழுந்தது.

ஏன் என்று பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது. வேலை இல்லாதபோது ப்ராசஸர் தன் வேகத்தையும் வோல்ட்டேஜையும் தானே இறக்கிக்கொள்ளும். நான் கழித்த 0.1 மேலே 1.25-இலிருந்து மட்டும் கழியவில்லை. கீழே ஏற்கெனவே ஒட்டி ஓடிக்கொண்டிருந்த அந்தக் குறைந்த வோல்ட்டேஜிலிருந்தும் கழிந்தது. தலைமடையில் மிச்சம் இருந்தது, கடைமடையில் இல்லை. எல்லாச் சோதனையும் முழுச் சுமையில்தான் நடந்தது, சும்மா இருக்கும் நேரத்தை யாரும் சோதிக்கவில்லை. நான்கு படி மேலே ஏற்றி 0.075-இல் நிறுத்தினேன். அதன்பிறகு விழவில்லை.

ஓவர்கிளாக் தவறினால் சத்தம் போட்டுத் தவறும்: சூடு ஏறும், ஃபேன் கத்தும், நீலத்திரை வரும். அண்டர்வோல்ட் அமைதியாகத் தவறும். ஒரு ஜிப் ஃபைல் திறக்காது, விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் வீயா என்ற பெயரில் ஹார்டுவேர் பிழை ஒன்று பதிந்திருக்கும், யாரும் பார்க்கமாட்டார்கள். பின்னால் வந்த ரைசன்களில் இன்னொரு மாயமும் உண்டு. வோல்ட்டேஜ் போதாதபோது சில்லு விழாமல் கிளாக்கை இழுத்து நீட்டிக்கொள்ளும். திரையில் 4.2 என்று காட்டும், உள்ளே செய்யும் வேலை அதைவிடக் குறைவு. எச்டபிள்யூஇன்ஃபோவில் ‘எஃபெக்டிவ் கிளாக்’ என்ற வரியைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே அண்டர்வோல்ட் செய்கிறவர், முன்னும் பின்னும் சினிபெஞ்ச் மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். மதிப்பெண் குறைந்தால், வோல்ட்டேஜ் குறைந்ததில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

எல்லாருக்கும் இரண்டு வழியும் திறந்திருக்கவில்லை. ஏஎம்டி ஏ320 போர்டு வாங்கியவருக்கு ஓவர்கிளாக் கிடையாது. பி350, பி450 வேண்டும். இன்டெல் ஐ3-இல் மல்டிப்ளையர் பூட்டியே வரும், விதிவிலக்கு ஒன்றிரண்டுதான். அண்டர்வோல்ட்டையும் பூட்டிவிட்டார்கள், அதன் காரணம் விசித்திரமானது. 2019 டிசம்பரில் பர்மிங்காம், கிராஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். மென்பொருள் மூலம் வோல்ட்டேஜைச் சரியான நொடியில் இறக்கி, ப்ராசஸரைத் தப்புக் கணக்குப் போட வைத்து, அதன் பாதுகாப்புப் பெட்டகத்திலிருந்த ரகசியச் சாவியை எடுத்தார்கள். அதற்குப் பின் பல லேப்டாப்களில் அந்த வாசல் பயாஸ் அப்டேட்டில் மூடிப்போனது. வாரண்டி பற்றிக் கேட்பவர்களுக்கு: கூட்டினாலும் குறைத்தாலும் கம்பெனி குறித்த அளவைத் தாண்டினால் கம்பெனி பொறுப்பில்லை.

ஓவர்கிளாக் பக்கம் நின்று நான் பேசும் இடம் ஒன்று இருக்கிறது. ராம். 2200ஜி-யின் வேகா கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. அது போர்டிலிருக்கும் ராமைத்தான் கடன் வாங்குகிறது. 2400 வேகத்தில் ஒற்றை ராம் மட்டும் இருந்தால் நொடிக்கு 19.2 ஜிகாபைட் போய்வரும். ஜோடி போட்டால் 38.4. ஜோடியை 3200-இல் ஓட்டினால் 51.2. ஏஎம்டி இந்தச் சில்லுக்கு அதிகாரபூர்வமாகச் சொல்வது 2933 வரைதான். 3200 ராம் வாங்கி, பயாஸில் எக்ஸ்எம்பி போட்டு அந்த வேகத்துக்கு ஏற்றுவதுகூட ஓவர்கிளாக்தான், பலருக்கு அது தெரியாது. விளையாட்டில் மருமகன் தேடிய வேகம் ப்ராசஸரின் 3.9-இல் இல்லை. காலியாகக் கிடந்த இரண்டாவது ராம் ஸ்லாட்டில் இருந்தது. அசெம்பிள் செய்த அன்றே காசு சேர்த்து இரண்டு ராமாகப் போட்டுக் கொடுத்திருக்கவேண்டும். அந்தக் குறை என்னுடையது.

கரண்ட் பில்லுக்கு இதில் பெரிய பங்கு இல்லை. 79-க்கும் 53-க்கும் வித்தியாசம் 26 வாட். தினம் நாலு மணி நேரம் முழுச் சுமையில் ரெண்டர் ஓடினாலும் இரண்டு மாதத்தில் ஆறு யூனிட் சொச்சம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் எல்லையில் தத்தளிக்கிற வீடாக இருந்தால்தான் அந்த ஆறு உறைக்கும். யுபிஎஸ் கதை வேறு. 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி: புதிதாக இருக்கும்போதே 84 வாட்-மணி. அதில் 26 வாட் குறைந்தால் கிடைப்பது சில நிமிடம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. சாரல் காலத்தில் ஒரு தென்னை மட்டை லைனில் விழுந்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் வேலையைச் சேமித்து மூட அந்தச் சில நிமிடம் வேண்டும்.

அன்று மணக்குடியில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஹீட்சிங்கைக் கழற்றி, கழுவி, வெயிலில் காயவைத்து, புதுப் பேஸ்ட் தடவினோம். போர்டின் பட்டன் பேட்டரியைக் கழற்றிப் பயாஸை முதல் நிலைக்குக் கொண்டுவந்தோம். அவனுக்கு 3.9-ஐ விட மனமில்லை. “கொஞ்சமாவது கூடுதலா இருக்கட்டும் மாமா” என்றான். சரி மக்ளே என்று 3.7-இல் நிறுத்தி, வோல்ட்டேஜை ஒவ்வொரு படியாக இறக்கினோம். 1.2-இல் ரெண்டர் பிழை இல்லாமல் முடிந்தது. 1.1875-இல் பாதியில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து நான்கு படி மேலே ஏறி, 1.2125-இல் வைத்தோம். கம்பெனி கொடுத்ததைவிட வேகம் கொஞ்சம் கூடுதல், வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைவு. ஓவர்கிளாக்கும் அண்டர்வோல்ட்டும் ஒரே சில்லில் சேர்ந்து இருக்க முடியும் என்பதை நானும் அன்றைக்குத்தான் கையால் செய்து பார்த்தேன். ஒரு மணி நேர ரெண்டரின் கடைசியில் சூடு 72.

தகட்டை மூடும் முன் அவன் நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்து, தேதி, 3.7, 1.2125, 72 என்று எழுதி, செல்லோடேப்பால் கேபினெட்டின் உள்பக்கத்தில் ஒட்டினான். அதற்குக் கீழே இன்னொரு வரி: ஆவணி, ஹீட்சிங்க் கழுவணும்.